“எங்க காலத்துல…” என்று ஆரம்பிக்கும் வழிகாட்டியிடம் என்ன கேட்பது?

கேள்வி: 14 வருடம் கணக்கு டீச்சராக இருந்த பள்ளியிலேயே நான்கு மாதம் முன்பு தலைமையாசிரியை ஆனேன். நிர்வாகம் எனக்கு இரண்டு பேரை ஏற்பாடு செய்திருக்கிறது. ஒருவர் மென்டர். 22 வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் வருவார். வந்தால் ஒரு மணி நேரம் “எங்க காலத்துல…” தான். இன்னொருவர் கோச். மாதம் ஒருமுறை வீடியோ காலில் பேசுவார். எதைக் கேட்டாலும் “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்பார். எனக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் ஏன் கேட்கப் போகிறேன்? இதற்கிடையில், இந்தப் பதவிக்கு என்னோடு விண்ணப்பித்த சீனியர் ஆசிரியர் ஒருவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பாடக்குறிப்பும் தருவதில்லை. மென்டரிடம் சொல்லலாம் என்றால், அவரும் எங்கள் செயலாளரும் நெருங்கிய நண்பர்கள். “இந்தம்மாவுக்கு ஆளை வைத்து வேலை வாங்கத் தெரியவில்லை” என்று போய்ச் சேருமோ என்று பயம். இந்த இரண்டு பேரும் எனக்கு உண்மையில் தேவையா? நானே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டால் என்ன?

– பெயர் வெளியிட விரும்பாத தலைமையாசிரியை

அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு,

விழுந்து எழுந்தும் கற்றுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். எனக்கு மென்டர் என்று ஒருவர் வாய்த்தபோது முதல் வருடத்தில் பாதி ஓடிவிட்டிருந்தது. அதற்குள் நான் போட்ட டைம்டேபிளில் எட்டாம் வகுப்புக்கு வாரத்தில் நான்கு நாள் கடைசி பீரியட் கணக்கு. அது எப்பேர்ப்பட்ட கொடுமை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் சறுக்கினால் ஒரு பீரியட் போகும், தலைமையாசிரியர் சறுக்கினால் ஒரு வகுப்புக்கு ஒரு வருடமே போகும். அதனால் இரண்டு பேரையும் விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் நீங்கள் கேட்கும் விதம்தான் மாற வேண்டும் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

முதலில் ஒரு கணக்கு. டான் லார்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் எழுதினார்: பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் அதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களின் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் பயிற்சியே இல்லாமல் வகுப்புக்குள் நுழைபவருக்குக்கூட, நல்லதோ கெட்டதோ, ஆசிரியர் என்றால் எப்படி நிற்பார், எப்படி அதட்டுவார் என்று ஒரு படம் மனதில் இருக்கிறது. சரி, ஒரு தலைமையாசிரியர் வேலை பார்ப்பதை நீங்கள் எத்தனை மணி நேரம் பார்த்திருக்கிறீர்கள்? மாணவியாக இருந்தபோது பிரேயரில் பார்த்திருப்பீர்கள். ஆசிரியையாக, ஸ்டாஃப் மீட்டிங்கில் பார்த்திருப்பீர்கள், கூப்பிட்டு அனுப்பியபோது பார்த்திருப்பீர்கள். கொதிப்போடு வந்த பெற்றோரைக் கதவை மூடிக்கொண்டு அவர் எப்படிச் சமாளித்தார், மேஜையில் இருந்த பத்துக் காகிதத்தில் எதை முதலில் எடுத்தார், எதைக் கண்டும் காணாமல் விட்டார் என்பதையெல்லாம் யாரும் உங்களுக்குக் காட்டவில்லை. பார்க்காத வேலைக்கு வந்திருக்கிறீர்கள். இதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

வேலையின் தாளமும் வேறு. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற கனடாக்காரர் ஐந்து தலைமை நிர்வாகிகளின் கூடவே இருந்து, அவர்கள் நேரம் எப்படிப் போகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து 1973இல் எழுதினார். அந்த ஐவரில் ஒருவர் பள்ளி நிர்வாகத்தின் தலைவர். அவர்கள் செய்த வேலைகளில் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. 14 வருடம் பீரியடுக்குப் பழகிய உடம்பு உங்களுடையது. பெல் அடித்தால் ஆரம்பம், அடுத்த பெல்லுக்கு முடிவு, நடுவில் வகுப்பு முழுக்க உங்கள் கையில். இப்போது ஒன்றைக் கையில் எடுப்பதற்குள் இன்னொன்று வாசலில் நிற்கிறது. இதை ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக் கற்க முடியாது. பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

பக்கத்தில் ஒருவர் இருந்தால் பலன் உண்டா என்று நிர்வாகத்தில் யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு தகவல். அமெரிக்காவில் ஆறு பெரிய பள்ளி மாவட்டங்களில், பள்ளித் தலைமைக்கு வருபவர்களைத் தேர்ந்தெடுப்பது, தயார்படுத்துவது, வந்தபின் கூட இருந்து வழிநடத்துவது என எல்லாவற்றையும் வாலஸ் அறக்கட்டளையின் நிதியில் ஒன்றாகச் சீர்படுத்தினார்கள். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2019இல் அதன் முடிவுகளை வெளியிட்டது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, புதிய முதல்வர்கள் பள்ளியைவிட்டுப் போவது ஒப்பிட்டுப் பார்த்த மற்றப் பள்ளிகளைவிட நூற்றுக்குச் சுமார் 8 பேர் குறைவு. பிள்ளைகளின் வாசிப்பிலும் கணக்கிலும்கூட முன்னேற்றம் தெரிந்தது. முழுப் புகழையும் மென்டரிங்குக்குக் கொடுத்துவிட முடியாது, பல மாற்றங்கள் சேர்ந்து நடந்தவை அவை. ஆனால் தனியாகத் தவிக்க விடாதது அதில் ஒரு பங்கு.

இனி உங்கள் மென்டர். அவர் என்ன சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று எழுதவில்லை. என் ஊகம்: “ஸ்டாஃபை எப்படி சார் சமாளிக்கிறது?” இந்த மாதிரி அகலமான கேள்விக்கு “எங்க காலத்துல…” என்பதைத் தவிர வேறு பதிலே கிடையாது. என்னிடம் வரும் புதியவர்கள் இப்படிக் கேட்டால் நானும் பழங்கதைதான் சொல்கிறேன், பாதியில் நானே கவனித்து நிறுத்திக்கொள்வேன்.

எனக்கு வாய்த்த மென்டரை எல்லோரும் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது என் பள்ளியில் ஓர் ஆசிரியை தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதமாக வருவார். நான்கு மாதமாக எனக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பெரிய டீச்சரிடம், “எத்தனை தடவை சொல்லியும் கேட்கவே மாட்டேங்கறாங்க” என்று கொட்டினேன்.

“என்ன சொன்னே?”

“டைமுக்கு வரச் சொன்னேன்.”

“அது நீ சொல்ல நினைச்சது. உன் வாயிலேர்ந்து வந்த வார்த்தை என்ன? எங்க நின்னு சொன்னே? பக்கத்துல யார் இருந்தாங்க?”

யோசித்துப் பார்த்தேன். ஸ்டாஃப் மீட்டிங்கில் முப்பது பேருக்கு நடுவில், “எல்லாரும் கொஞ்சம் டைமுக்கு வந்தா நல்லாருக்கும்” என்றிருக்கிறேன். இரண்டு முறை. ஒருமுறை சர்க்குலர் விட்டேன், அதில் முப்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள், அவரும் போட்டார். ஒரு காலையில் அவர் வாசலைத் தாண்டும்போது என் கைக்கடிகாரத்தை நன்றாகத் தெரியும்படி பார்த்தேன். அவ்வளவுதான். அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஆனால் நான்கு மாதமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

பெரிய டீச்சர் அதோடு விடவில்லை. நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டு, “நான்தான் அவங்க. இப்பச் சொல்லு” என்றார். முதல் தடவை “டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க…” என்று ஆரம்பித்து வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டு முடித்தேன். இரண்டாவது தடவை கோபமாக ஆரம்பித்தேன், பாதியில் குரல் உடைந்தது. மூன்றாவது தடவைதான் வாக்கியம் வந்தது: “போன வாரம் நாலு நாள் முதல் பீரியடுக்குப் பத்து நிமிஷம் லேட். ஆறாம் வகுப்பு அந்த நேரம் ஆளில்லாம இருந்துச்சு. என்ன காரணம்னு எனக்குத் தெரியணும்.”

மறுநாள் அதையே சொன்னேன். அந்த ஆசிரியை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதை நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமே மேடம்” என்றார். படுக்கையில் இருக்கும் அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் வந்து சேரும் நேரம்தான் பிரச்சினை. டைம்டேபிளில் அவருடைய முதல் பீரியடை நகர்த்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தாமதமாக வருபவர்களை எப்படிக் கையாள்வது என்று பெரிய டீச்சர் எனக்கு ஒரு யோசனையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். என் வார்த்தைகளை மேஜையில் வைக்கச் சொன்னார். பிறகு என்னை வாய்விட்டுச் சொல்ல வைத்தார்.

ஆகவே அடுத்த முறை மென்டர் வரும்போது தலைப்பைக் கொண்டுபோகாதீர்கள், ஒரு சம்பவத்தைக் கொண்டுபோங்கள். எந்த நாள், யார், நீங்கள் சொன்னது என்ன, அவர் சொன்னது என்ன, சொன்ன வார்த்தையிலேயே. கேள்வியையும் மாற்றுங்கள். “நான் என்ன செய்யட்டும் சார்?” என்றால் அவர் தன் பள்ளியில் செய்ததைச் சொல்வார். “நீங்களா இருந்தா இதுல முதல்ல எதைப் பார்ப்பீங்க சார்?” என்று கேளுங்கள். “வேற என்ன தெரிஞ்சா இந்த முடிவை மாத்திப்பீங்க?” என்று கேளுங்கள். 22 வருடத்தில் அவர் சேர்த்தது பதில்களில் இருப்பதைவிட, எதைக் கவனிப்பது என்பதில்தான் அதிகம் இருக்கிறது. அது அவருக்குப் பழகிப் போய்விட்டதால், கேட்டால் ஒழியச் சொல்லத் தோன்றாது. கதை சொல்ல ஆரம்பித்தாலும் தடுக்க வேண்டாம். “அதுல எது சொதப்புச்சு சார்?” என்று நடுவில் ஒரு கேள்வி போடுங்கள். வெற்றிக் கதையைவிட அதற்கு வரும் பதிலில் விஷயம் இருக்கும்.

பதிலை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்று. ஒரு புதிய தலைமையாசிரியருக்கு அவருடைய வழிகாட்டி, “பெல் அடிச்சதும் கேட்டைச் சாத்து, ஒரே வாரத்துல எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லியிருக்கிறார். அவர் பள்ளியில் சரியாகித்தான் இருந்தது. இந்தப் பள்ளியிலோ கால்வாசிப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், அந்த பஸ் வருவதே பெல்லுக்கு ஐந்து நிமிடம் கழித்து. மூன்றாம் நாள் கேட்டுக்கு வெளியே பிள்ளைகளும் பெற்றோருமாகக் கூட்டம். யோசனையில் தவறில்லை, அது வேறு பள்ளியின் யோசனை.

இன்னொன்று. மென்டரை உங்கள் அறையில் உட்கார வைக்காதீர்கள். கூட்டிக்கொண்டு ரவுண்ட்ஸ் போங்கள். பெரிய டீச்சர் ஒருமுறை என்னோடு நாற்பது நிமிடம் நடந்தார், கையில் ஒரு துண்டுத் தாள். பதினோரு பேர் என்னை நிறுத்தி ஏதோ கேட்டார்கள், நான் பதினோரு பேருக்கும் சுடச்சுடப் பதில் சொல்லிப் பெருமையாகத் திரும்பினேன். அவர் தாளைக் காட்டினார்: பதினோரு கோடு, அதில் ஏழில் சுழி. “இந்த ஏழையும் உன் துணைத் தலைமையாசிரியர்கிட்ட அனுப்பியிருக்கணும். அவரை நீ வேலையில்லாத ஆளாக்கிட்டே.” இது எந்தப் பேச்சிலும் வெளிவந்திருக்காது, ஏனென்றால் எனக்கே தெரியாது. முடிந்தால் மறுபக்கத்தையும் செய்யுங்கள்: இப்போது பணியில் இருக்கும் ஒரு நல்ல தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, அரைநாள் அவர் கூடவே இருந்து பாருங்கள். சிங்கப்பூரில் 1980களிலேயே, முதல்வராக வரவிருப்பவர்களை அனுபவசாலி முதல்வர் ஒருவரின் பள்ளிக்கு அனுப்பிச் சில வாரம் கூடவே இருக்க வைத்தார்கள். சில வாரம் உங்களுக்குக் கிடைக்காது. அரைநாள் கிடைக்கும்.

கோச்சைப் பற்றி உங்களுக்கு எரிச்சல் வருவது எனக்குப் புரிகிறது. கோச்சிங்கில் பரவலாகப் புழங்கும் முறை ஒன்று உண்டு, ஜான் விட்மோர் என்ற பிரிட்டிஷ் கோச் 1992இல் பிரபலப்படுத்தியது: எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைச் செய்யப் போகிறீர்கள் என்ற வரிசையில் கேள்விகள். அனுபவம் உள்ளவருக்கு அருமையாக வேலை செய்யும். புதியவர் மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? விதி தெரியாத இடத்தில் “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்பது சித்திரவதை. அதை அவரிடமே சொல்லிவிடுங்கள்: “இதில் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை, தகவலே தெரியாது.” நல்ல கோச் என்றால் உடனே நிறுத்திவிடுவார்.

தெரியாததை மென்டரிடம் கேளுங்கள், அதில் பாதி போனில் ஐந்து நிமிடத்தில் முடிகிற சமாச்சாரம். தெரிந்தும் செய்யாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பதைக் கோச்சிடம் கொண்டுபோங்கள். தாமதமாக வந்த ஆசிரியையிடம் பேச வேண்டும் என்று எனக்கு முதல் வாரமே தெரியும். நான்கு மாதம் ஏன் பேசவில்லை என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அந்த இடத்தில் திருப்பிக் கேட்கிற ஆள் வேண்டும்.

அடுத்தது உங்கள் பயம். நியாயமான பயம். உங்களை மதிப்பிடுகிறவரும் உங்களுக்கு வழிகாட்டுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, ஒரே காதாகவும் இருக்கக் கூடாது. இதை முதல் சந்திப்பிலேயே பேசியிருக்க வேண்டும், நிர்வாகமே பேசித் தந்திருக்க வேண்டும். இப்போதும் நேரம் போய்விடவில்லை. நேராகக் கேளுங்கள்: “சார், நம்ம பேசுறதுல எது இந்த அறையோட நிக்கும், எது வெளியே போகும்?” பிள்ளைகளின் பாதுகாப்பு, பணம் தொடர்பான முறைகேடு, இரண்டும் நிற்காது, நிற்கவும் கூடாது. மற்றதெல்லாம் நிற்க வேண்டும். சந்திப்பு நடந்தது, இன்ன தேதி, இத்தனை மணி நேரம் என்பது மட்டும் நிர்வாகத்துக்குப் போனால் போதும். அவர் சரி என்று சொன்னாலும், ஒரு மாதம் சின்ன விஷயங்களை மட்டும் சொல்லிப் பாருங்கள். சொன்னது செயலாளர் வாயிலிருந்து திரும்பி வந்தால், தயக்கமில்லாமல் வேறு மென்டர் கேளுங்கள். பொருத்தம் சரியில்லை என்று ஒரு வரி போதும், காரணம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

பயத்தில் இன்னொரு பாதியும் இருக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிறிஸ் ஆர்ஜிரிஸ் என்ற நிர்வாகவியல் பேராசிரியர் 1991இல் எழுதிய கட்டுரையில் ஒரு விசித்திரத்தைச் சொல்கிறார்: எடுத்ததையெல்லாம் வெற்றியாகவே முடித்துப் பழகிய கெட்டிக்காரர்களுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. அதனால் தோல்வியிலிருந்து எப்படிக் கற்பது என்றும் தெரிவதில்லை. ஏதாவது தவறினால் தங்களைத் தவிர எல்லோரிடமும் காரணம் தேடுகிறார்கள். அவர் பார்த்தது ஆலோசனை நிறுவன ஊழியர்களை. நான் அதைத் தலைமையாசிரியர்களிடம் பார்க்கிறேன், முக்கியமாக நேற்றுவரை பள்ளியின் சிறந்த ஆசிரியர் என்று பேர் எடுத்தவர்களிடம். 14 வருடம் உங்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மேலே வரவர இடித்துச் சொல்கிற ஆளும் குறைந்துகொண்டே போவார்கள். ஆசிரியர்கள் சொல்ல மாட்டார்கள், துணைத் தலைமையாசிரியர் சொல்லத் தயங்குவார். சம்பளத்துக்கும் பதவிக்கும் உங்களை எதிர்பார்க்காத இந்த இரண்டு பேருக்குத்தான் அது சுலபம்.

கடைசியாக அந்த சீனியர் ஆசிரியர். இதுதான் நீங்கள் கொண்டுபோக வேண்டிய சம்பவம் என்று நினைக்கிறேன். இரண்டும் கலந்த பிரச்சினை இது. பாடக்குறிப்பு தராவிட்டால் முறைப்படி என்ன செய்யலாம், என்ன எழுதி வைக்க வேண்டும் என்பது மென்டருக்கு. நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம், அவர் ஆசைப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பேசுவது, ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்பது கோச்சுக்கு. அவருக்கும் இது துக்கம்தான் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் துக்கத்தில் இருப்பவரும் பாடக்குறிப்பு தர வேண்டும்.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இதுவும் ஆர்ஜிரிஸ் பயன்படுத்திய பயிற்சிதான். ஒரு தாளை நடுவில் மடியுங்கள். அவரோடு கடைசியாகப் பேசியதை, நாலு வரிதான் என்றாலும், வலது பக்கம் நாடக வசனம் மாதிரி எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரே இடது பக்கம், அந்த நொடியில் நீங்கள் மனதில் நினைத்துச் சொல்லாமல் விழுங்கியதை எழுதுங்கள். வலது பக்கம் “பாடக்குறிப்பு முடிஞ்சா குடுங்க சார்” என்று இருக்கும். இடது பக்கம் என்ன இருக்கும் என்று நான் ஊகிக்க முடியும், ஆனால் நீங்களே எழுதிப் பார்த்தால்தான் ‘முடிஞ்சா’ என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

வலது பக்கத்தை மென்டரிடம் காட்டுங்கள். இடது பக்கத்தையும் காட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். இந்த மாதம் வேண்டாம், தாளை மடித்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். கோச்சுடன் அடுத்த வீடியோ காலில் முதலில் அதை வாசியுங்கள். “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று அவர் இந்த முறை கேட்டால், உங்களிடம் எழுதியே இருக்கும்.